தோணி என்ன குற்றஞ் செய்தது?

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே கண்டி வீதியிற் பயணஞ் செய்த வாசகர்கள் புளியங்குளம் சந்தியை அறிவார்கள். கிழக்கே நெடுங்கேணிக்கும் அதற்கப்பால் முல்லைத்தீவுக்கும் செல்லும் வீதி அங்கேதான் பிரிகின்றது. பஸ் நின்றால் ஒரு தேநீர் அருந்தலாம், வெயிலுக்கு ஒதுங்கலாம். அதற்கு மேல் இவ்வூரைப்பற்றி நினைவிற் கொள்ளப் பிரயாணிகளுக்கு அதிகம் இராது. ஆயின் சென்ற தவணையில் இவ்வூர்ப் பிள்ளைகள் எமக்குப் புகட்டிய பாடத்தை நாம் இலகுவில் மறத்தல் இயலாது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் ஒருவர், தமிழ்ச் சொல் ஒன்றின் பொருளைத் தம் மாணவரிடம் கற்றுக்கொண்ட கதை இது. எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கின்றது. எனினும் வாசகர்களில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் பலர் உளர். அவர்களிற் சிலருக்கேனும் இது பயன்படலாம் என்று கருதி எழுதத் துணிந்தோம்.

வகுப்பில் ஆகுபெயர் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகி வருவது ஆகுபெயர். “ஊர் சிரித்தது” என்றால் ஊரிலுள்ளவர் சிரித்தனர் என்பது பொருள். இதனை விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்ப கள்ளத்தோணியும் ஆகுபெயரோ?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. தோணியின் பெயர் தோணியில் வந்தவருக்கு ஆகி வருதலின் அதுவும் ஆகுபெயரே என்று விடை பகர்ந்து, நாமுஞ் சிரித்தோம். அந்த வகுப்பிற் சிரியாதிருந்தவர் யார் என்று நாம் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அச்சிரிப்பிலிருந்தே விவாதத்துக்கு ஒரு பொருள் கிடைத்தது. தமிழ்மொழித் தினப் போட்டிகள் அணுகிக்கொண்டிருந்தன. “இனப்பெயர் வசையாவது சொல்வோன் எண்ணத்தாலேயே” என்று தலைப்பிட்டு, இரண்டு அணிகளைப் பிரித்து, நாமே நடுவராக அமர்ந்தோம்.

தலைப்பை ஆதரித்த அணிக்கு, ஆகுபெயர் கேட்ட அதே மாணவன் தலைவன். நன்றாகவே ஆயத்தஞ் செய்து வந்திருந்தான். சொற்கள் குற்றமற்றவை என்பது அவன் வாதம். “தம்பி என்பதிலும் இனிய சொல் தமிழில் உண்டா? அம்மா அழைப்பதும் அச்சொல்லால். வீதியில் முன்பின் அறியாத முதியவர் வழி கேட்பதும் அச்சொல்லால். அதே சொல் சிங்களத்திற் புகுந்து ‘தம்பியா’ என்று ஆகி, முஸ்லிம்களை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. மரக்கலம் என்பது கப்பல். கடல் வழியே வணிகஞ் செய்தவர்க்கு அதனாற் பெயர் வந்தது. அதுவும் இன்று ஏச்சு. கூலி என்பது உழைத்தவன் கைநீட்டிப் பெறும் ஊதியம், அதில் இழிவென்ன? தோணி என்பது நாலு பலகை. தோணி என்ன குற்றஞ் செய்தது? குற்றம் சொல்பவன் நெஞ்சில் இருக்கின்றது, நெஞ்சிற் குற்றமில்லையேல் சொல்லிலுங் குற்றமில்லை” என்று கூறி, பலத்த கைதட்டலுக்கிடையே அமர்ந்தான்.

எதிரணித் தலைவி ஒரு மாணவி. மெலிந்த உருவம், வகுப்பில் அதிகம் பேசாதவள். மேடையில் ஏறியதும் வேறொருத்தியானாள். காந்தியடிகள் 1893ஆம் ஆண்டு தென்னாபிரிக்கா சென்றபோது கண்ட நிலைமையை அவள் எடுத்துரைத்தாள். அங்கே வெள்ளையர் இந்தியத் தொழிலாளரைக் கூலி என்றும் சாமி என்றும் அழைத்தனர். இராமசாமி, முத்துசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைக் கேட்டு, அந்த ஈற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் ‘சாமி’ என்றனர். சாமி என்றால் தலைவன், எசமான் என்பது பொருள். அச்சொல்லால் அழைக்கப்பட்டவர்களிற் சிலர், நான் உமக்கு எசமான் அல்லேனே என்று மறுமொழி கூறியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். “எசமான் என்று பொருள்படுஞ் சொல்லே வசையாக முடியுமானால், அகராதியைப் பார்த்து என்ன பயன்?” என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

பின்னர் ஒரே சொல்லின் இரு கதிகளைக் காட்டினாள். ‘காப்பிரி’ என்னும் பெயர், நம்பிக்கையற்றவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்றும் போர்த்துக்கேயர் வாயிலாகப் பல நாடுகளுக்குப் பரவியது. நமது நாட்டில், புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில், ஐரோப்பியர் காலத்திற் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அப்பெயரையே தம் பெயராகக் கொண்டு வாழ்கின்றனர். தென்னாபிரிக்காவிலோ, 2018ஆம் ஆண்டில் அதே சொல்லைக் கறுப்பினக் காவலர்மீது மீண்டும் மீண்டும் வீசிய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. “சொல் ஒன்றுதான். கேட்டவர் வரலாறு வேறு” என்றாள். முடிவாக எதிரணித் தலைவனைப் பார்த்து, “உங்கள் நெஞ்சிற் குற்றமில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் உங்கள் நெஞ்சு எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்பது உங்கள் சொல்தான்” என்று கூறி அமர்ந்தாள். கைதட்டுவதற்குக்கூடச் சபைக்குச் சற்று நேரம் எடுத்தது.

தீர்ப்புக் கூறுவதில் எமக்குத் தயக்கமே இருக்கவில்லை. எதிரணி வென்றது, சிறந்த பேச்சாளரும் அவளே. மகிழ்ச்சி மேலீட்டால் எழுந்து நின்று, “தோட்டக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இத்துணைச் செம்மையாகத் தமிழ் பேசுவதைக் கேட்க எமக்குப் பெருமையாக இருக்கின்றது” என்றோம்.

அவள் எழுந்து வந்து, “நன்றி சேர்” என்று பரிசைப் பெற்றுக்கொண்டு போய் அமர்ந்தாள். மறுநாட் காலை எமது மேசையில் ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. வலயமட்டப் போட்டிக்கு வேறொருவரை அனுப்பும்படி அதிற் கேட்டிருந்தாள். காரணம் எழுதப்படவில்லை.

காரணத்தைச் சொன்னவன், வாசகர்கள் வியப்பார்கள், தோற்ற அணித் தலைவனே. இடைவேளையில் எம்மிடம் வந்து, நிலத்தைப் பார்த்தபடி, “சேர், நீங்கள் நேற்றுச் சொன்ன சொல்லாலைதான்” என்றான். எந்தச் சொல் என்று கேட்டோம். உண்மையாகவே எமக்குத் தெரியவில்லை. அவன் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்ல மறுத்து, “அவையின்ரை பக்கத்துக்கு நாங்கள் சொல்லுற சொல்” என்று மாத்திரம் கூறிவிட்டுப் போனான்.

அப்பொழுது எமக்கு முதலில் வந்தது வெட்கமன்று, சினம். பாராட்டியல்லவோ பேசினோம்! ஆயிரம் பேர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையைப் பாராட்ட ஆயத்தமாயிருந்தோமே! எமது நெஞ்சிற் குற்றமில்லை என்பது எமக்குத் தெரியாதா? இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டு வீடு சென்ற பின்னரே, முதல்நாள் நாம் தோல்வி என்று தீர்ப்பளித்த வாதத்தை வரிக்கு வரி எமக்காக ஒப்புவித்துக்கொண்டிருக்கின்றோம் என்பது உறைத்தது.

அன்றிரவு தமிழாசிரியருக்குரிய முறையில் இலக்கணத்தைத் துணைக்கழைத்தோம். நம் மொழியில் மதிப்பும் இழிவும் பெரும்பாலும் விகுதியிற் கிடக்கின்றன. ‘ஆர்’ என்றால் மதிப்பு. ‘ஆன்’ என்றால் அதன் குறைவு. தோட்டக்காட்டான் என்று நாம் கூறவில்லையே. பிள்ளை என்றல்லவோ கூறினோம்? ஆயின் அந்தப் பிள்ளை என்ற சொல்லே, முன் நின்ற சொல்லின் கூர்மையை மழுக்கவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் இடக்கரடக்கலைத் தகுதி வழக்குகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றார். அவையிற் கூறத் தகாததை மறைத்து வேறு சொல்லாற் கூறுவது அது. ஆண்டுதோறும் அதைக் கற்பித்து வருகின்றோம். எந்தச் சொல் தகாதது என்று தீர்மானிப்பது அவை. அந்த அவையில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்னும் கேள்வி அன்றிரவுதான் எமக்கு எழுந்தது. எமது சந்தித் தேநீர்க் கடையும் ஓர் அவையே. ‘தோட்டக்காட்டுப் பக்கம்’ என்று அங்கே எத்தனையோ முறை கூறியிருக்கின்றோம்; எவரும் முகஞ் சுளித்ததில்லை. சுளிக்கத்தக்கவர் அந்த வாங்கில் அமர்ந்ததேயில்லை என்பதை நாம் எண்ணவில்லை.

சனிக்கிழமை மாலை அவளுடைய வீட்டுக்குச் சென்றோம். வீதியை விட்டு உள்ளே, குளக்கட்டால் இறங்கிச் செல்ல வேண்டும். பாட்டியார் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “வாங்கய்யா, உக்காருங்க” என்று கதிரையைத் துடைத்துவிட்டார். பேத்தி உள்ளேயிருந்து தேநீர் கொணர்ந்தாள். பாட்டியின் பேச்சு மலைநாட்டுப் பேச்சு. பேத்தியின் பேச்சு நம் வன்னிப் பேச்சு. ஒரே வீட்டில் இரண்டும் ஒலிப்பதை அன்றுதான் கூர்ந்து கேட்டோம்.

பாட்டியார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கலவரத்தில் லயன் வீடு எரிந்தது. உடுத்த துணியோடு லொறியில் ஏறி வவுனியாவுக்கு வந்தனர். அக்காலத்தில் வைத்தியர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் என்னும் அமைப்பு, இவ்வாறு வந்த மலையகக் குடும்பங்களை வன்னியிற் குடியேற்றுவதில் முன்னின்றது. காடு வெட்டினர்; கிணறு தோண்டினர். “அங்க எங்கள தமிழன்னு அடிச்சாங்கய்யா. அடிச்சவங்களுக்கு அதுல சந்தேகமே இல்ல” என்றார் பாட்டியார். சற்றுப் பொறுத்து, “இங்க வந்த பின்னாலதான் நாங்க எந்தத் தமிழருன்னு கேட்டாங்க” என்றார். குரலிற் குறை கூறும் தொனி இல்லை. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னார். எமக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

அவர் கூறியதை மலையக மக்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தபொழுது, இச்சொற்கள் எவ்வாறு நஞ்சேறின என்பது எமக்கு விளங்கலாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1820களில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். சுதந்திரங் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்து, அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து 75,000 மக்களைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்வதற்கு. அந்த எஞ்சியவரையும் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எவரும் அம்மக்களைக் கேட்டுப் பிரிக்கவில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

இதே காலத்தில்தான் கள்ளத்தோணி என்ற சொல்லும் பெருகியது. 1950களில், பாக்கு நீரிணையூடாக அனுமதியின்றி வருவோரைத் தடுக்க இராணுவம் கரையோரக் காவலில் நிறுத்தப்பட்டது. அவ்வாறு வந்த சிலருக்கு இட்ட பெயர், தோணியிற் கால் வையாது இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோர் தலையில் ஏறியது. வாக்கில்லை என்று கூறியவர் வாயில் அச்சொல் இருந்தது. காணியில்லை என்று கூறியவர் வாயிலும் அதுவே இருந்தது. நம்மவர் வாய்களும் அதற்கு விலக்கன்று.

இதிலிருந்து எமக்குத் தோன்றியது இது. சொல் தானாக வசையாவதில்லை. சொல்பவனுடைய ஒரு நாளைய சினத்தாலும் ஆவதில்லை. ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தவர்கள், அடைக்கும்பொழுது எந்தச் சொல்லை உச்சரித்தார்களோ அந்தச் சொல் வசையாகின்றது. பின்னர் அச்சொல்லை நல்லெண்ணத்துடன் ஒருவர் கூறினும், கூறுபவர் சொல்லை மாத்திரமே கேட்கின்றார். கேட்பவரோ கதவடைக்கும் ஓசையையுஞ் சேர்த்துக் கேட்கின்றார். சிறாம்பியடியில் ஓர் இனத்தின் பெயராக நிற்கும் சொல், தென்னாபிரிக்காவிற் சிறைக்குரிய குற்றமானதும் இதனாலேயே. அங்கே நிலம், வாக்கு, நடமாட்டம் எல்லாவற்றையும் பறித்தவர்கள் அச்சொல்லைச் சொல்லியே பறித்தனர்.

நம்மீது வந்து விழும் சொல்லாயின் இதனை நாம் உடனே உணர்ந்துகொள்கின்றோம். சிங்களத்தில் ‘தெமள’ என்பது தமிழரைக் குறிக்கும் இயல்பான பெயர். அகராதியில் அதற்கு யாதொரு குற்றமும் இல்லை. ஆயினும் 1958இலும் 1977இலும் 1983இலும் வீதியில் வண்டிகளை மறித்து, உள்ளே தெமள எவருமுண்டோ என்று கேட்ட குரலைக் கேட்டவர்களுக்கு அது வெறும் பெயராக இருக்குமோ? 2014ஆம் ஆண்டு அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிவதைக் கண்ட முஸ்லிம் குடும்பத்துக்கு, மரக்கலம் என்ற சொல்லிற் கப்பல் தெரியுமோ? நமது ஏட்டிலே இலங்கைச் சோனகர் என்று எழுதப்படும் இனத்தாரின் பெயரைக் குறுக்கி, தேநீர்க் கடையில் நம்மவர் கூறுவதையும், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து அவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதையும் சேர்த்து நினைத்தால், அக்குறுக்கம் அவர்கள் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சிங்களவர் பெயருக்கு முன் நம்மவர் சிலர் சேர்க்கும் அடைமொழிக்கும் இதுவே நியாயம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஒவ்வொருவர் மனமும் நோகும் என்று பார்த்தால் எந்தச் சொல்லைத்தான் கூறுவது? இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று சொற்களெல்லாம் கழிந்துவிடாவோ? நியாயமான தடையே. பெயரை மாற்றினால் மாத்திரம் எல்லாம் மாறிவிடாது என்பதும் மெய். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, இலங்கைத் தமிழர் வாழும் அகதி முகாம்களை இனி மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படும் என்று அறிவித்தது. நல்ல செயல். ஆயின் முகாமிற் பிறந்த பிள்ளைக்குப் பெயர்ப்பலகையிலும் பெரிய கவலை குடியுரிமை. கதவு திறவாமற் பெயர் மட்டும் மாறினால், புதிய பெயரும் சில ஆண்டுகளிற் பழைய கசப்பைப் பெற்றுவிடும். ஆகவே, யாரோ ஒருவர் முகஞ் சுளித்தார் என்பதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. இச்சொல்லைச் சொல்லிக்கொண்டு எவரேனும் எதையேனும் பறித்ததுண்டோ என்று கேட்க வேண்டும் என்கின்றோம். பறித்ததுண்டாயின், அதை விடுவதால் நமக்குக் குறைவது ஒரு சொல் மாத்திரமே.

வீடு திரும்பும் வழியில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1997ஆம் ஆண்டு போர் புளியங்குளத்துக்கு வந்தபொழுது எமக்குப் பதினாறு வயது. இடம்பெயர்ந்து காட்டோரங்களிற் படித்தே பரீட்சைகளைக் கடந்தோம். 2002ஆம் ஆண்டு கண்டி வீதி திறக்கப்பட்ட பின் மேற்படிப்புக்காக ஒரு நகரத்துக்குச் சென்றோம். அங்கே எமக்கு வாய்த்த நண்பர் மிக நல்லவர். புத்தகந் தந்து, சோறு தந்து ஆதரித்தவர். அவர் எம்மைப் பிறருக்கு அறிமுகஞ் செய்யும்பொழுதெல்லாம், “இவன் வன்னிக் காட்டான், ஆனால் நல்ல கெட்டிக்காரன்” என்பார். அன்பாகத்தான் சொல்வார். நாமும் கூடச் சிரிப்போம். ஒவ்வொரு முறையும் சிரித்தோம். அந்த ‘ஆனால்’ எமது நெஞ்சில் எங்கே போய்த் தங்கியதென்று அவருக்குத் தெரியாது, நாமுஞ் சொல்லவில்லை.

காட்டான் என்ற சொல்லின் சுவையை அறிந்த நாமே, தோட்டக்காடு என்ற சொல்லை அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் வைத்தோம். அதே ‘ஆனால்’, வாய்விட்டுச் சொல்லாமலே, எமது பாராட்டினுள்ளும் இருந்தது. அவள் நன்றாகப் பேசினாள் என்று நாம் வியக்கவில்லை. அவள் அங்கிருந்து வந்தும் நன்றாகப் பேசினாளே என்று வியந்தோம். 1997இல் அவர்களும் நாம் ஓடிய வீதியாலேயே ஓடினர். 2009இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு ஒரே வரிசையில் நின்றோம். அப்போது நம் எல்லார்க்கும் ஒரே பெயர்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பிக் குடிசை போட்டதும், நாம் பழைய பெயரைத் தேடி எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை அவளை அழைத்து, ஆசிரியர் மாணவரிடம் கேட்க வேண்டிய முறையில் மன்னிப்புக் கேட்டோம். அவள் பதறிப்போனாள். “எனக்குக் கோவம் இல்லை சேர்” என்றாள். வலயப் போட்டிக்குச் செல்ல இசைந்தாள். “இனிமேல் மலையகத் தமிழர் என்றே கூறுவோம்” என்றோம். எமது தவற்றைத் திருத்திவிட்ட மனநிறைவு எமக்கு. அப்பெயரை அம்மக்களே விரும்பித் தேர்ந்துகொண்டனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் இந்தியத் தமிழர் என்பதோடு அப்பெயரும் இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டில், அவர்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியை நினைந்து நடந்தவர்களும் அப்பெயரையே ஏந்தி நடந்தனர். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னோம்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, “அம்மம்மாவை அப்பிடிச் சொன்னா அவவுக்குச் சந்தோசம் சேர். நான் மலையைக் கண்டதே இல்லை. அம்மாவும் இஞ்சைதான் பிறந்தவ. என்னைப் புளியங்குளம் எண்டு சொன்னாக் காணும்” என்றாள்.

நல்ல பெயர் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாற் கடன் தீர்ந்தது என்று எண்ணிய எமக்கு இது இரண்டாவது பாடம். பாட்டிக்குப் பெருமை தரும் பெயரே, பேத்தியை மீண்டும் ஊருக்கு வெளியே நிறுத்திவிடும். இதனை எந்த இலக்கண நூலும் எமக்குக் கூறியிராது. அவரவரைக் கேட்டே அறிய வேண்டும். கேட்பதற்கு ஒரு சிறு நேரமே செல்கின்றது.

வலயமட்டப் போட்டியில் அவள் பெயரை அழைத்தபொழுது ஊர்ப் பெயரையுஞ் சேர்த்தே அழைத்தனர். இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது எமது கருத்து. ஆயின் இம்முறை நாம் நடுவரல்லோம்.

அந்தக் குடியிருப்புக்கு ஓர் அழகிய பெயர் உண்டு. கிராம அலுவலரின் ஏட்டிலும் தேர்தல் இடாப்பிலும் அது எழுதப்பட்டிருக்கின்றது. இத்தனை ஆண்டுகளில் அதனை நாம் ஒருமுறையேனும் உச்சரித்ததில்லை. ஈண்டும் அதை எழுதாமல் விடுகின்றோம். எழுதினால் அந்தப் பிள்ளை யார் என்று பலருக்குத் தெரிந்துவிடும். சென்ற வாரம் சந்தித் தேநீர்க் கடையில், மரக்கறி லொறியின் சாரதி ஒருவர் அவ்விடத்துக்கு வழி கேட்டார். பழைய சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சற்று யோசித்து, ஏட்டிலுள்ள பெயரைச் சொன்னோம். கடையிலிருந்தவர்கள் யாவரும், அது எந்த ஊர் என்பதுபோல் எம்மைத் திரும்பிப் பார்த்தனர்.